பெரிய கேரவன், மூன்று கிலோ: நான்கு வருட அனுபவம்

போன வாரம் சித்தி மகன் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து போன் செய்தான். "அண்ணா, எங்க சின்ன கேரவனை வித்துட்டு உங்களது மாதிரி பெருசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எந்த மாடல் நல்லது?" என்றான். என் கேரவன் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு) ஆறு வாரம் பட்டறையில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. போனில் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். அவனைப் போல யோசிக்கும் குடும்பங்கள் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் நிறைய இருக்கின்றன.

படுக்கை எத்தனை, ஜன்னல் எத்தனை என்பதெல்லாம் விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். நான் பேசப்போவது ஒரு தகட்டைப் பற்றி. கேரவனின் முன்பக்கம், இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கியான கப்ளருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு உலோகத் தகடு அடித்திருக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று வண்டியின் காலி எடை. மற்றது எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு தாண்டக்கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. வாங்கும்போது நான் அதைப் படிக்கவே இல்லை. மூன்று கடை ஏறி இறங்கினோம், எந்தக் கடையிலும் யாரும் அதைக் காட்டவும் இல்லை.

எங்கள் பழைய சின்ன வண்டியில் அந்த வித்தியாசம் 290 கிலோ. புதியதில் காலி எடை 1,390, வரம்பு 1,600. மிச்சம் 210. நீளம் கூடியது, அகலம் கூடியது, கப்போர்டு இரண்டு மடங்கானது. ஏற்றக்கூடிய சுமை மட்டும் 80 கிலோ குறைந்துவிட்டது. பெரிய வண்டி என்றால் அதிகம் ஏற்றலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சுவர், தரை, கட்டில், அலமாரி எல்லாம் வண்டியின் எடையையே தின்றுவிடுகின்றன, அதைத் தாங்கும் ஆக்சில் (சக்கர அச்சு) மட்டும் அதற்கேற்ப வளரவில்லை.

210 கிலோ எங்கே போகிறது என்று ஒரு நாள் நோட்டில் எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் கட்டும் ரேலி டென்ட் கம்பிகளோடு 50. ஒன்பது கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு. நிரப்பினால் இரும்பையும் சேர்த்து ஒன்று 20 வரும், ஆக 40. தண்ணீர்த் தொட்டி 90 லிட்டர், அது 90 கிலோ. பேட்டரி 27. கூட்டினால் 207. மிச்சம் மூன்று கிலோ. நாங்கள் எடுத்துப்போகும் அரிசிப் பையே பத்து கிலோ! கடைக்காரர் ஏசி ஒன்றையும் கூரையில் பொருத்தித் தந்திருந்தார். அது 33 கிலோ. தகடு தொழிற்சாலையில் அடித்தது, பின்னால் ஏற்றிய ஏசி அந்தக் கணக்கில் வராது. அதாவது ஒரு தட்டு, ஒரு போர்வைகூட வைக்காமலே நாங்கள் வரம்பைத் தாண்டிவிட்டோம்.

இதையெல்லாம் கணக்குப் போட்டது டயர் வெடித்த பிறகுதான். அம்மா ஒவ்வொரு புனித வெள்ளிக்கும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். அதனால் ஈஸ்டர் பயணம் எங்களுக்கு எப்போதும் சனிக்கிழமைதான் ஆரம்பம். டிராக்கன்ஸ்பர்க் மலையில் ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமில் நான்கு இரவு தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெர்க்வில், விண்டர்டன் தாண்டி என்3 நெடுஞ்சாலையில் ஏறி, மூய் ரிவர் நெருங்கும்போது பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பக்கி (பிக்கப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு பக்கமாக இழுத்தது. நல்லவேளை, 90-க்கு மேல் நான் போவதில்லை. மெதுவாக ஓரம் கட்டினேன். இடது டயர் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. அந்த ரப்பர் சுழன்று அடித்ததில் சக்கரத்துக்கு மேலே இருந்த தரைப்பலகை உடைந்து, தண்ணீர்க் குழாயும் அறுந்து போயிருந்தது. பின்னால் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்க, அம்மாவையும் பிள்ளைகளையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். அந்த நாற்பது நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

டயரின் பட்டன் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதைப் படித்தால் டயருக்கு எட்டு வயது, அதாவது நாங்கள் வாங்கும்போதே அது பழசு. கேரவன் டயர் ஓடித் தேய்வதில்லை. வெயிலில் நின்றே காய்ந்து வெடிப்பு விடும். அதன் மேல் அளவுக்கு மீறிய சுமையும் சேர்ந்தால் என்ன ஆகும்? பட்டறைக்காரர்தான் சொன்னார், "முதல்ல ஏத்துற மாதிரியே எல்லாத்தையும் ஏத்தி எடை போட்டுப் பாருங்க" என்று. சரி செய்து வந்ததும், டொங்காட்டில் பழைய இரும்பு வாங்கும் கடை ஒன்றின் எடைமேடையில் கேரவனை மட்டும் கழற்றி நிறுத்திப் பார்த்தேன். 1,780. வரம்புக்கு மேல் 180 கிலோ. மூன்றரை வருடம் இப்படித்தான் டவுன் ஹில் மலைச்சாலையில் ஏறி இறங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

இப்போது தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே கொண்டுபோகிறேன், முகாமில் குழாய் இருக்கிறதே. சிலிண்டர் ஒன்று போதும். டென்ட் பக்கிக்கு மாறிவிட்டது. இரும்புச் சட்டிகளில் பாதியை வீட்டில் வைத்துவிட்டோம். இப்போது எடை 1,590. அப்புறம் மூக்கு எடை: கப்ளர், பக்கியின் பின்னால் அதை மாட்டும் டோபாரின் மேல் அழுத்தும் எடை. என் டோபாருக்கு 100 கிலோதான் வரம்பு. குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் கப்ளரை இறக்கினால் தெரிந்துவிடும். கனமான சாமான் ஆக்சிலுக்கு மேலே இருக்க வேண்டும். பின்பக்கம் அடுக்கினால் வண்டி வாலாட்டும், அது வெடித்த டயரைவிட ஆபத்து.

லைசென்ஸ் விஷயத்தையும் தம்பிக்குச் சொல்ல வேண்டும். பி வகை மட்டும் இருந்தால் 750 கிலோ வரம்புக்கு மேற்பட்ட ட்ரெய்லரை இழுக்க முடியாது. ஈபி வகை லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் போய் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் பக்கம் தலைவலிதான். வீட்டு கேட்டையும் அளந்து பார்க்கச் சொல்கிறேன். சாட்ஸ்வர்த்தில் அவன் வீட்டு மேட்டில் இந்த நீளம் ஏறாது, வெளியே மாத வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியிருக்கும். முகாமின் நீல பிளக்கில் ஏசியும் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் போய்விடும். அது பெரிய குறை இல்லை, பழகிவிடும்.

இவ்வளவு சொன்னாலும் அந்த மஹாய் காலைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் வலி. சின்ன வண்டி இருந்தபோது இரவில் கழிவறைக்குப் போக டார்ச்சோடு, பனியில், என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். போகப்போக "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். புதிய வண்டியின் மூலையில் கழிவறை இருக்கிறது, கட்டிலை மடிக்க வேண்டியதில்லை. முதல் பயணத்திலேயே அம்மா விடியும் முன் எழுந்து, யாரையும் எழுப்பாமல் தானே கேஸ் பற்றவைத்து டீ போட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஆம்பிதியேட்டர் பாறைச் சுவர் அப்போதுதான் சிவந்துகொண்டிருந்தது.

என் அப்பா கரும்புத் தோட்டக் கணக்கர். சின்ன வயதில் தென்கரைச் சாலையில் போகும்போது, கடலோரம் வரிசையாக நிற்கும் கேரவன்களைக் காரை நிறுத்தாமலே காட்டுவார். நல்ல கடற்கரைகளும் அதை ஒட்டிய பூங்காக்களும் பெரும்பாலும் வெள்ளையர்களுக்கே என்று இருந்த காலம். 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீங்கியது. நாங்கள் இறங்கிக் கால் நனைப்பது இந்தியருக்கென்று ஒதுக்கிய கரையில். அதனால் அம்மா ஒரு முகாமில் இடம் பிடித்து, சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு நடப்பதைப் பார்க்கும்போது, இந்த வண்டிக்குக் கொடுத்த பணம் எதுவும் எனக்குக் கனமாகத் தெரியவில்லை.

சரி, வாங்கலாமா என்று கேட்டால்: இந்த அளவு வேண்டாம் தம்பி. நீங்கள் மூன்று பேர், சித்தி இன்னும் நன்றாக நடக்கிறார்கள். இருக்கும் வண்டிக்குப் புது டயர் போட்டு, நல்ல டென்ட் ஒன்று வாங்கிக்கொள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், சுமை வித்தியாசம் 350 கிலோவுக்குக் குறைந்த எதையும் பார்க்காதே, உள்ளே எத்தனை கப்போர்டு மின்னினாலும்.

"அப்ப உங்களதை எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்றான் போனில். கொடுக்க மாட்டேன். டிசம்பருக்கு வடக்கே செயின்ட் லூசியா முகாமில் இடம் போட்டாயிற்று, அம்மா எனக்கு முன்பே டீத்தூள் டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போவதாக இருந்தால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வா, நானும் வருகிறேன். டார்ச் எடுத்து வா. தகடு பெரும்பாலும் இருட்டில், கப்ளருக்கு அடியில்தான் இருக்கும்.