ஏற்காட்டில் ‘பழைய கவுன்சில் மண்டபப் படம்’ வாங்க எண்ணுவோர் கவனத்திற்கு

ஏற்காட்டில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், “சென்னைக் கோட்டையில் கவர்னர் கவுன்சில் கூடிய மண்டபம், இருநூறு வருஷத்து அசல் அச்சு” என்று உறுதி கூறி எங்களுக்கு 22,000 ரூபாய்க்கு விற்கப்பட்ட சட்டமிட்ட படம், சென்னையில் இருந்த எந்த மண்டபத்தையும் காட்டுவதன்று. அதன் அச்சும் அண்மைக்காலத்தது. இதே மண்டபப் படம் வேறு அளவுகளிலும் அந்தக் கடைச் சுவரில் மாட்டியிருந்ததை நாங்களே பார்த்ததால், கோடை விழாவுக்கு மலையேறி வரும் மற்றவர்களும் ஏமாறக்கூடும் என்ற கவலையில் இதை விரிவாக எழுதுகிறேன்.

சேலத்தில் வழக்கறிஞராக இருக்கும் என் சித்தப்பாவின் புதிய அலுவலகத்துக்குப் பரிசளிக்கவே அதை வாங்கினோம். யாருக்காக வாங்குகிறோம் என்று கேட்டறிந்த கடைக்காரர், “சேலம் விஜயராகவாச்சாரியார் எழுந்து நின்று கேள்வி கேட்ட மண்டபம் சார் இது, வக்கீல் ஆபீசுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது” என்றார். விஜயராகவாச்சாரியார் சேலத்தில் வழக்கறிஞராக இருந்து காங்கிரஸ் தலைவராக உயர்ந்தவர். காப்பித் தோட்டத் துரை ஒருவரின் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது என்றும் சொன்னார். சேர்வராயன் மலையில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி பயிரிடச் செய்த காலம் தொட்டு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதால், அந்தக் கதையில் நம்ப முடியாதது என்று எதுவும் இல்லை. படத்தின் பின்பக்கத்தில் பழுப்பேறிய தாளில் அதே விவரம் தட்டச்சு செய்து ஒட்டப்பட்டிருந்தது.

சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் கோத்து மங்கியதால், செவ்வாய்ப்பேட்டையில் படத்துக்குக் கண்ணாடி போடும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் பின்பலகையைக் கழற்றி, படத்தைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டையை எடுத்ததும், அந்த அட்டை இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருந்த அடிவிளிம்பில் படத்தின் உண்மையான பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது: ‘இந்தியா ஹவுஸ், ஏல மண்டபம்’. அதாவது, லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில், கப்பலில் வந்த சரக்கை ஏலம் விட்ட கூடம் அது. உயர்ந்த கூரையும் படிப்படியாக ஏறும் இருக்கைகளும் அவற்றில் நிறைந்த கனவான்களும் பார்ப்பதற்கு ஒரு சட்டசபையைப் போலவே தோன்றும் என்பதைப் பயன்படுத்தித்தான் பெயரை மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தை 1861இல் இடித்துவிட்டார்கள். விஜயராகவாச்சாரியார் பிறந்தது 1852இல். சென்னைச் சட்ட மேலவையில் அவர் உறுப்பினரானது 1895இல். அவர் அந்த மண்டபத்தில் நின்று பேசினார் என்பதற்கு எள்ளளவும் இடமில்லை.

இனி அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காட்சியின் மூலம், ருடால்ஃப் ஆக்கர்மன் 1808 முதல் 1810 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட லண்டன் நகரக் காட்சி நூலில் உள்ளது. அதில் 104 வண்ணப் படங்கள் உண்டு. கட்டடங்களைப் புகின் வரைந்தார், மனிதர்களை ரோலண்ட்சன் வரைந்தார். செப்புத் தகட்டின் மீது பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, அந்தத் தகட்டில் மை ஏற்றி அச்சிட்டபின், ஒவ்வொரு தாளுக்கும் கையால் நீர்வண்ணம் பூசுவார்கள். ‘அக்வாடின்ட்’ எனப்படும் அந்த முறையில் வந்த படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், நிழல் விழும் இடங்களில் ஒழுங்கற்ற நுண்மணிகளும் சுருக்கங்களும் தெரியும். எங்கள் படத்தில் தெரிந்தவையோ நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களில் வரிசை பிசகாத புள்ளிகள். இவை இன்றைய கல்யாணப் பத்திரிகையிலும் நாள்காட்டியிலும் காணும் ஆஃப்செட் புள்ளிகள். அந்த நூலின் பக்கமே ஓரடி அகலத்துக்குள் அடங்குவது. எங்களிடம் உள்ள படம் இரண்டரை அடி அகலம். புறஊதா விளக்கைக் காட்டியபோது தாள் நீலமாக ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் அந்த ஒளிர்பொருள்கள் காகிதத் தொழிலில் பரவியதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். தாளின் பழுப்பு நிறமும் காலத்தால் வந்ததன்று. விளிம்பு முதல் நடுவரை ஒரே சீராகத் தேநீர்ச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

மறுபடி மலைக்குச் சென்று கேட்டபோது, கடைக்காரர் நாங்கள் வாங்கிய பில்லையே எங்கள் முன் நீட்டினார். அதில் ‘அலங்காரப் படம் – 1’ என்று மட்டுமே எழுதியிருந்தது. வாயால் சொன்னதற்குத் தாம் பொறுப்பில்லை என்றார். பின்பக்கத் தாளைக் காட்டியதும், அது தமக்கு விற்றவர் ஒட்டியது என்று கூறிவிட்டார். சித்தப்பா எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகு, பாதிப் பணத்தைத் தருவதாகவும் படத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அந்தப் படம் மறுநாளே வேறொரு பெயரில் வேறொருவரிடம் போய்ச் சேரும் என்பதால் நாங்கள் சம்மதிக்கவில்லை.

பணம் போனதைக் காட்டிலும் எனக்கு ஆற்றாமை தருவது, வரலாற்றின் மீது அவர்கள் கைவைத்ததுதான். நம் பகுதி நெசவாளர்கள் கம்பெனிக்குத் துணி நெய்து கொடுத்தவர்கள். கம்பெனி கொண்டுபோன துணியும் மிளகும் தேயிலையும் லண்டனில் விலை பேசப்பட்ட கூடத்தின் படம், மறுபதிப்பு என்று சொல்லியே நியாயமான விலைக்கு விற்றிருந்தாலும், எந்தச் சேலத்து வீட்டிலும் மாட்டி வைக்கத் தகுந்தது. அந்த உண்மையை அட்டை போட்டு மூடிவிட்டு, நாம் மதிக்கும் ஒரு மனிதரின் பெயரைப் பொய்க்குத் துணையாக்கியதை மன்னிக்க இயலவில்லை.

ஆகவே, இத்தகைய படத்துக்குப் பணம் கொடுக்கும் முன், பின்பலகையைக் கழற்றி மவுண்ட் அட்டையை நீக்கிக் காட்டும்படி கேளுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். படத்தின் பெயர், அச்சு முறை, காலம் மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களை வணிகமாக விற்பவருக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், ‘இருநூறு வருஷம்’ என்று சொல்பவரிடம் அந்த உரிமத்தையும் காட்டச் சொல்லலாம்.

முன்பே வாங்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. எங்கள் மனு சேலம் ஆணையத்தில் பதிவாகியிருக்கிறது. பில்லில் ஒன்றும் எழுதாத இவர்களுக்கு எதிராக எங்களிடம் உள்ள வலுவான சான்று, பின்பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தத் தட்டச்சுத் தாள்தான். எனவே, இதே போன்ற மண்டபப் படம் உங்களிடம் இருந்தால், அதைக் கழற்றும்போது அந்தத் தாளைக் கிழித்துவிடாமல், மவுண்ட் அட்டையோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.