போட்ட ஸ்பெல்லை நடுவுல நிறுத்தணும்னா எந்த கேம் ரூல் தேவலாம்?

டேபிள்ல உக்காந்து கதாபாத்திரமா ஆடற ரோல்பிளே கேம்கள்ல ஸ்பெல் (மந்திரம்) போடறதுக்கு பக்கம் பக்கமா ரூல் இருக்கு, ஆனா நாம போட்டதை நாமளே நிறுத்தணும்னா என்ன பண்றதுன்னு கேட்டா டேபிள்ல பாதி பேர் முழிப்பாங்க. இதுல கேமுக்கு கேம் வித்தியாசம் நிறைய. என்னைக் கேட்டா நிறுத்த முடியுமாங்கறதை விட, என்ன செலவாகுது, யாரோட டர்ன்ல முடியுதுங்கறதுதான் மேட்டர்.

மந்திர சுவர் எழுப்பற வால் ஆஃப் ஃபோர்ஸ் ஸ்பெல்லையே எடுத்துக்கலாம். டிஅண்ட்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 5ஆம் எடிஷன்ல (2014 ரூல்ஸ் சொல்றேன்) அது கான்சன்ட்ரேஷன் ஸ்பெல், அதாவது போட்டவர் மனசை அதுல வச்சிருக்கற வரைக்கும்தான் நிக்கும், எப்ப வேணும்னாலும் விட்டுடலாம், ஆக்ஷன் (ஒரு டர்ன்ல செய்யற முக்கிய வேலை) எதுவும் செலவில்லை, உங்க டர்ன்லதான் விடணும்னும் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓகர் (அரக்கன்) கூட்டம் நின்னுட்டு ஒண்ணும் பண்ண முடியாம தன் டர்னை வீணாக்குது, அடுத்து நம்ம ஃபைட்டர் (போர்வீரர்) டர்ன், அது ஆரம்பிச்ச உடனே விசார்ட் (ஸ்பெல் போட்ட மந்திரவாதி) "விட்டுட்டேன்"னு சொன்னா போதும், சுவர் காலி, ஃபைட்டர் நேரா பாய்ஞ்சு வெட்டலாம். இதே ஸ்பெல் டிஅண்ட்டியோட பழைய 3.5 எடிஷன்ல (2003) வேற மாதிரி. அங்க டியூரேஷன் வரியிலயே அடைப்புக்குறிக்குள்ள ஒரு 'டி' போட்டிருப்பாங்க, அது இருந்தா நிறுத்தலாம்னு அர்த்தம், ஆனா அதுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்ஷன் போகும், அதுவும் உங்க டர்ன்ல. அப்ப விசார்ட் சுவரை எடுத்துட்டு அந்த ரவுண்டுல வழக்கமான வேற ஸ்பெல் எதுவும் போட முடியாது, ஃபைட்டருக்கு முன்னாடி ஓகர் டர்ன் வந்தா அடி நமக்குத்தான்.

விளையாட சுகம் 5ஆம் எடிஷன்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு. கான்சன்ட்ரேஷன் இல்லாத ஸ்பெல்லா இருந்தா, அதோட விவரத்துலயே "ஆக்ஷன் எடுத்து நிறுத்தலாம்"னு எழுதியிருந்தாதான் நிறுத்த முடியும். அணையாத தீ தர்ற கண்டினியுவல் ஃப்ளேம் போட்டு குகைக்குள்ள வெளிச்சம் பண்ணீங்கன்னு வைங்க, ரோந்து வருது, மூடி மறைக்கலாம், அணைக்க முடியாது! நம்ம ஸ்பெல்லுக்கு நாமளே மூணாம் லெவல் ஸ்லாட் (ஸ்பெல் போட இத்தனைன்னு அளவா கிடைக்கற வாய்ப்பு) ஒண்ணைக் கொடுத்து டிஸ்பெல் மேஜிக்னு ஸ்பெல்லைக் கலைக்கற ஸ்பெல் போடணும். இது எனக்கு சுத்தமா பிடிக்கல. ஒரு ஸ்பெல்லுக்கு அந்த வரி இருக்கு, பக்கத்துலயே இன்னொண்ணுக்கு இல்ல, ஏன்னு யாருக்கும் புரியறதில்ல.

3.5லயும் ஒரு சிக்கல் இருக்கு. அங்க நிறுத்தறதுக்கு பெரும்பாலும் வாயைத் திறந்து வார்த்தை சொல்லணும், ஸ்பெல்லோட ரேஞ்சுக்குள்ள வேற இருக்கணும். இப்ப கிளெரிக் (பூசாரி) சைலன்ஸ் (சுத்தியும் சத்தத்தை அடக்கற ஸ்பெல்) போட்டுட்டு அதுக்குள்ளயே நிக்கறாங்க. சத்தமே வராத இடத்துல எந்த வார்த்தையைச் சொல்றது? ரூலை எழுத்துக்கு எழுத்து பார்த்தா வெளிய நடந்து வந்துதான் நிறுத்தணும். 5ஆம் எடிஷன்ல இந்தத் தலைவலி இல்ல, மனசுல விட்டா போதும்.

பறக்க வைக்கற ஃப்ளை ஸ்பெல்ல மட்டும் பழசுதான் கருணை. 3.5ல டைம் முடிஞ்சாலும் கொஞ்ச ரவுண்டுக்கு மெதுவா இறக்கிவிடும். 5ஆம் எடிஷன்ல கான்சன்ட்ரேஷன் போன அந்த நொடியே விழ வேண்டியதுதான், 60 அடி உயரம்னா 6டி6 (ஆறு பக்க டைஸ் ஆறு உருட்டி வர்ற கூட்டல்) டேமேஜ். அதனால உங்க நண்பர் மேல பறக்கறப்ப ஃப்ளையை விட்டுட்டு வேற ஸ்பெல்லுக்குப் போற அவசரம் வேணாம்.

டிஅண்ட்டி மாதிரியே இன்னொரு கேமான பாத்ஃபைண்டரோட 2ஆம் எடிஷன் (2019) நடுவுல நிக்குது. டிஸ்மிஸ்னு தனி ஆக்ஷனே இருக்கு, டர்னுக்கு மூணு ஆக்ஷன்ல ஒண்ணு செலவு, மிச்சம் ரெண்டுல வழக்கமான ஸ்பெல் ஒண்ணு போட்டுடலாம். இங்கயும் அனுமதி ஸ்பெல்லுலதான் எழுதியிருக்கணும், அந்த விஷயத்துல 5ஆம் எடிஷன் மாதிரியேதான். ஆனா செலவு அளவா இருக்கு, யோசிச்சு எடுக்கற முடிவா ஆகுது, மொத்தத்துல எனக்கு இதுதான் பெஸ்ட்.

குர்ப்ஸ்ங்கற இன்னொரு ரோல்பிளே கேம் இன்னும் சிம்பிள்: எந்த ஸ்பெல்லா இருந்தாலும் 1 எனர்ஜி (ஸ்பெல்லுக்கான சக்திப் புள்ளி) கட்டினா கட். போடறப்பவே குறைஞ்ச நேரம் சொல்லிட்டா அந்த ஒண்ணும் மிச்சம்.

5ஆம் எடிஷன் ஆடற டிஎம்மா (கேமை நடத்தறவரா) இருந்தா இதை ஹவுஸ் ரூலா (உங்க டேபிளுக்கு மட்டுமான ரூலா) வைங்க: கான்சன்ட்ரேஷன் ரூல்ல கை வைக்காதீங்க, மத்த எந்த ஸ்பெல்லையும் போட்டவரே ஒரு ஆக்ஷன்ல நிறுத்தலாம், பேசத் தேவையில்ல. முதல் செஷனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஏன்னா சண்டை நடுவுல சொன்னா யாராவது ஒருத்தருக்கு சாதகமா பண்ணின மாதிரி தெரியும்.