நோர்ட்ஹவுஸ் பாதையா, ஸ்டெர்ன் பாதையா?

எம்.ஏ. பொருளியல் கடைசி வருடத்தில் இருக்கும் தங்கை மகள் போன வாரம் வந்திருந்தாள். "காலநிலைப் பொருளாதாரம்தான்னு முடிவு பண்ணிட்டேன் மாமா. பிஎச்.டி. பண்ணி ஆராய்ச்சியிலயே இருக்கிறதா, இல்ல அரசாங்கப் பக்கம் கொள்கை வேலைக்குப் போறதா?" என்றாள். சம்பளக் கணக்கைப் பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டு பேரின் வாழ்க்கையைத்தான் எடுத்து வைத்தேன்.

முதலாமவர் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நோர்ட்ஹவுஸ். 1974-75இல் வியன்னாவுக்கு அருகே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, அவருடைய அறையைப் பகிர்ந்துகொண்டவர் காலநிலை ஆய்வாளர் ஆலன் மர்ஃபி. அந்த அறைப் பேச்சில் தொடங்கியதை அவர் கடைசிவரை விடவில்லை. நடுவில் அதிபர் கார்ட்டரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு மறுபடி யேலுக்கே திரும்பினார். 1992இல் 'டைஸ்' மாடலை வெளியிட்டார். புகை, வெப்பம், வருமான இழப்பு மூன்றையும் ஒரே கணக்கில் கட்டிய மாடல் அது. 2018இல் நோபல்.

இரண்டாமவர் பிரிட்டன் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன். 1974-75இல் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்தில் பாலன்பூர் என்ற கிராமத்தில் குத்தகையையும் கோதுமையையும் ஆராய்ந்தவர். பிறகு உலக வங்கியின் தலைமைப் பொருளாதார வல்லுநர். அங்கிருந்து பிரிட்டன் நிதியமைச்சகம். அப்போதைய நிதியமைச்சர் கார்டன் பிரவுன் 2005இல் கேட்டுக்கொள்ள, காலநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி 2006 அக்டோபரில் 700 பக்க அறிக்கை வந்தது. இன்றே செயல்பட்டால் உலக உற்பத்தியில் ஆண்டுக்கு 1 சதவீதம் செலவு. விட்டுவிட்டால் 5 முதல் 20 சதவீதம் வரை இழப்பு. நிதியமைச்சர்களுக்குப் புரிகிற மொழி. இரண்டே வருடத்தில் பிரிட்டனில் காலநிலை மாற்றச் சட்டம் வந்துவிட்டது. இத்தனைக்கும் அறிக்கைக்குப் பயன்பட்ட 'பேஜ்' மாடல் அவர் செய்ததல்ல, கேம்பிரிட்ஜில் வேறொருவர் செய்தது.

இருவரும் மோதிக்கொண்டது ஒரே ஓர் எண்ணில். நூறு வருடம் கழித்து வரப்போகும் நஷ்டத்துக்கு இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போடும் கணக்குதான் இது: வருங்கால நஷ்டத்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்துக்கொண்டே இன்றைய மதிப்புக்கு வருவது. ஸ்டெர்னின் வீதம் ஏறக்குறைய 1.4 சதவீதம். நோர்ட்ஹவுஸின் வீதம் நூறாண்டுச் சராசரியாக 4 சதவீதத்தை ஒட்டி வரும். ஒரு கோடி ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். ஸ்டெர்ன் கணக்கில் அதைத் தடுக்க இன்று 25 லட்சம் வரை செலவழிக்கலாம். நோர்ட்ஹவுஸ் கணக்கில் 2 லட்சத்துக்கு மேல் போனால் கை கடிக்கும்.

இந்த இடத்தில்தான் ஆள் யார் என்பது தெரியும். நோர்ட்ஹவுஸ் சந்தையைப் பார்த்தார்: மக்கள் போடும் முதலீட்டில் என்ன வருமானம் வருகிறதோ, அதற்கு ஒத்துப்போகிற எண் வேண்டும். ஸ்டெர்ன் அறத்தைப் பார்த்தார்: பின்னால் பிறந்தான் என்பதற்காக ஒருவனுடைய நலனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அந்த 1.4இல், பிந்தி வருகிறது என்பதற்காக மட்டுமே குறைக்கும் பகுதிக்குக் கால விருப்ப வீதம் என்று பெயர். அதில் அவர் விட்டுவைத்த 0.1 சதவீதம்கூட, மனித இனமே அழிந்துபோக வாய்ப்புண்டு என்பதற்காகத்தான். ஹார்வர்டின் பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் நடுவில் புகுந்து, சராசரியை விடுங்கள், வாய்ப்பு குறைவானாலும் வந்தால் பேரழிவாகும் வால்முனைதான் பயம் என்றார். அவருடைய பாதை தனிக் கட்டுரைக்குரியது.

என் சாய்வு ஸ்டெர்ன் பக்கம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. 2018 அக்டோபர் 8 நினைவிருக்கிறதா? நோர்ட்ஹவுஸுக்கு நோபல் அறிவித்த அதே நாளில்தான் புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்துவது பற்றி ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையும் வெளியானது. அவருடைய மாடலோ 2100இல் சுமார் 3.5 டிகிரி வரை போவதுதான் செலவுக்கும் பலனுக்கும் பொருத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் ஆராய்ச்சி வாழ்க்கைக்கு ஒரு வசதி உண்டு: திருத்தலாம். எண்பது வயதைக் கடந்த பிறகு, நோர்ட்ஹவுஸ் பொருளியலாளர் லிண்ட் பராஜுடன் சேர்ந்து மாடலைப் புதுப்பித்தார். அந்த 3.5 இப்போது 2.7 ஆகிவிட்டது. தன் அறிக்கை ஆபத்தைக் குறைத்தே மதிப்பிட்டுவிட்டது என்று ஸ்டெர்னும் பின்னால் சொன்னார். ஆனால் அரசாங்க அறிக்கைக்கு இரண்டாம் பதிப்பு வருவதில்லை. அதைக் கேட்ட அமைச்சரே அதற்குள் மாறியிருப்பார். அமெரிக்க அரசு 2010இல் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடால் வரும் நஷ்டத்துக்கு 21 டாலர் என்று மதிப்பு வைத்தபோது பயன்பட்ட மூன்று மாடல்களில் டைஸும் ஒன்று, பேஜும் ஒன்று. கொள்கை மேசையில் பேச்சு எதுவானாலும், கடைசியில் யாராவது ஒருவருடைய மாடலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்தவர்களும் உண்டு. பார்த்தா தாஸ்குப்தா வாழ்நாளெல்லாம் பொருளியல் கோட்பாட்டாளர். 2021இல் அதே பிரிட்டன் நிதியமைச்சகத்துக்குப் பல்லுயிர்ப் பொருளாதார அறிக்கை கொடுத்தபோது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அறிக்கை எழுதக் கூப்பிடுகிற அளவுக்குக் கையில் சரக்கு சேர அத்தனை காலம் பிடிக்கிறது.

டைஸ் எக்செல் கோப்பாகவும் கிடைக்கிறது. மடிக்கணினியில் திறந்து கொடுத்தேன். கால விருப்ப வீதம் இருந்த கட்டத்தில் 1.5ஐ அழித்து 0.1 போட்டு, சிறந்த விடையைத் தேடித் தரும் எக்செலின் சால்வர் வசதியை ஓடவிட்டாள். கார்பன் விலை பல மடங்கு எகிறியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நஷ்டத்தைக் கணக்கிடும் சமன்பாடு எந்தத் தாளில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பிஎச்.டி.க்கே விண்ணப்பி என்று சொல்லிவிட்டேன்.