ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்டினேன்: ஏழாண்டு அனுபவம்

எங்கள் குடும்பத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் III காரின் இன்ஜினை 2018 ஆகஸ்டில் வீட்டுக் கொட்டகையில் இறக்கினேன். ஐந்து மாதம் கழித்து அது மறுபடியும் ஏறியது. அதன்பின் வண்டி ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை முடிந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் பெருமைப் பேச்சாகியிருக்கும். எது தாங்கியது, எதை மறுபடியும் திறக்க நேர்ந்தது என்பதை இப்போதுதான் சொல்ல முடிகிறது.

வண்டலூரில் தயாரான இந்தக் காரின் மூலவடிவமான டிரையம்ஃப் ஹெரால்டு, பிரிட்டனில் 1961-லேயே 1147 சி.சி. இன்ஜினுக்கு மாறிவிட்டது. இங்கோ பழைய 948 சி.சி. இன்ஜினே தொடர்ந்தது. 63 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 76 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பேரிங்: எளிமையான அமைப்பு. பானெட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடுவதால், முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே பாதி வேலையை முடித்துவிடலாம். வீட்டில் இன்ஜின் வேலை செய்து பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட இணக்கமான கார் கிடைப்பது அரிது.

இன்ஜினைத் திறந்ததற்குக் காரணம் புகையோ எண்ணெய்ச் செலவோ அன்று. ஒருவர் கிளட்சை மிதிக்க, நான் முன்னால் நின்று பார்த்தபோது, கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் உள்ள கிராங்க் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னோக்கி நகர்ந்தது. இந்த இன்ஜினின் பேர்பெற்ற பலவீனம் இதுதான். கிராங்க் ஷாஃப்ட் முன்பின்னாக நகராமல் தடுப்பவை, பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் செருகப்பட்ட இரண்டு பிறைவடிவ திரஸ்ட் வாஷர்கள் மட்டுமே. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்க வாஷரே அந்த அழுத்தத்தை வாங்குகிறது. அது தேய்ந்து மெலிந்து ஒருநாள் சம்ப்பில், அதாவது அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில், விழுந்துவிட்டால், கிராங்க் நேராக இன்ஜினின் உடலான பிளாக்கின் இரும்பிலேயே உராயத் தொடங்கும். பிறகு பிளாக்கைக் காப்பாற்றுவது கடினம். டயல் கேஜ் வைத்தபோது நகர்வு 0.45 மி.மீ. காட்டியது. இருக்க வேண்டியது 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். பிரிட்டனிலிருந்து தருவித்த ஓவர்சைஸ் (தடிமன் கூடிய) வாஷரைப் பின்பக்கம் போட்டு, எண்ணெய்க் காடி உள்ள முகம் கிராங்கைப் பார்க்கும்படி பொருத்தியதும் 0.12 மி.மீ. வந்தது. இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, சில நூறு கிலோமீட்டரில் மறுபடியும் பிரிப்பவர்கள் உண்டு.

பிளாக்கை போர் செய்யவும் (சிலிண்டர்களைக் குடைந்து அகலப்படுத்தவும்) கிராங்கைக் கடையவும் வெளியே ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். பிஸ்டன்களைக் கையில் கொடுக்காமல் அளவை மட்டும் எழுதிக் கொடுத்தது என் தவறு. ஒரு சிலிண்டர் மட்டும் இறுக்கமாக வந்து சேர்ந்தது. “ஓட ஓட சரியாயிடும் சார்” என்றார்கள். ஓட்டிப் பார்க்க நான் தயாராக இல்லை. திருப்பி அனுப்பி, நான்கு பிஸ்டன்களையும் கூடவே கொடுத்து, அவற்றுக்கேற்ப ஹோனிங் செய்யச் சொன்னேன், அதாவது சிலிண்டரின் உட்சுவரை நுணுக்கமாகத் தேய்க்கச் சொன்னேன். மூன்று வாரம் தாமதமானது. ஆனால் அந்தச் சிலிண்டர்களால் இன்றுவரை ஒரு தொல்லையும் இல்லை.

எதிர்பாராத ஒன்று, சம்ப்பின் முன்முனையில் வரும் அலுமினிய சீலிங் பிளாக். அதன் இருபுற இடைவெளிகளை அடைப்பது ரப்பர் அல்ல, சிறு மரத்துண்டுகள்! அவற்றை அடித்து இறக்கி, மேல்மட்டத்துக்குச் சமமாகச் சீவ வேண்டும். கேலியாகத் தோன்றினாலும், அந்த இடத்தில் ஏழாண்டுகளாக ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

கசிவது பின்முனையில்தான். அங்கே ரப்பர் சீல் கிடையாது; எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகுக் காடியும் அதைச் சுற்றி ஓர் அலுமினிய உறையும் மட்டுமே உண்டு. உறையை, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் சுற்றிலும் அளந்து நடுவில் நிறுத்த வேண்டும். நான் அவசரத்தில் கண்ணளவாகப் பொருத்தினேன். அதற்குத் தண்டனையாக, வண்டியை நிறுத்திய இடத்தில் எல்லாம் உள்ளங்கையளவு எண்ணெய்க் கறை. சரிசெய்ய வேண்டுமானால் கியர்பாக்ஸை காரின் உட்புறம் வழியாகக் கழற்ற வேண்டும் என்பதால், கீழே ஒரு தட்டு வைத்துக் காலம் தள்ளுகிறேன்.

பெரிய செலவு வைத்தது சிலிண்டர் ஹெட். இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டுகளை (வால்வு மூடும்போது வந்து உட்காரும் விளிம்புகளை) உராய்விலிருந்து காத்து வந்தது அந்த ஈயம். கடின உலோக சீட் போடும்படி, இன்ஜினைக் கட்டும்போதே ஒரு நண்பர் சொன்னார். கொஞ்ச தூரம்தானே ஓட்டப்போகிறோம் என்று பழைய சீட்டிலேயே வால்வுகளை லேப்பிங் செய்து (தேய்த்துப் படியவைத்து) மூடிவிட்டேன். 9,000 கிலோமீட்டர் வாக்கில் டேப்பட் சத்தம் (வால்வு இயக்கத்தின் டக்டக் ஒலி) குறைந்தது; இன்ஜின் நன்றாகப் பதமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் எக்ஸாஸ்ட் வால்வுகள் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. 0.25 மி.மீ. வைத்திருந்த வால்வு இடைவெளி மூன்றாவது சிலிண்டரில் 0.10 ஆகியிருந்தது. ஹெட்டைக் கழற்றி நான்கு எக்ஸாஸ்ட் சீட்டுகளையும் மாற்றினேன். முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலான பிறகு, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் (ரப்பர் சவ்வும்) ரப்பர் குழாய்களும் ஊறி மென்மையாகிவிட்டன. எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறினேன். டயாஃப்ரத்தை ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்கிறேன்.

மற்றபடி குறையில்லை. சூடான நிலையில், 2,000 சுற்றில், எண்ணெய் அழுத்தம் இன்னும் 45 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடி காத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுகிறேன். விளக்கு பச்சையானதும் கியர் போட ஒரு நொடி தாமதமாகும். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சென்ற மாதம் மறுபடியும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன்: 0.15 மி.மீ.