பால்சா மரத்தில் எம்பயர் ஸ்டேட்: இரண்டு ஆண்டு அனுபவம்

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மாதிரியை மூன்றாம் முறையாகப் பிரித்து, நிமிர்த்தி, ஒட்டி முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். பால்சா என்னும் இலேசான, மென்மையான மரத்தில் இப்படி மாதிரிகள் கட்டத் தொடங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டுச் சில வாரங்களாகின்றன. விரலில் பசையும் மனத்தில் எரிச்சலுமாக இருக்கும்போது சொல்லும் பதில் நியாயமாக இராது என்று தள்ளிப்போட்டேன். எரிச்சல் இன்னும் முழுவதும் தணியவில்லை.

மாதிரியின் அளவு 500-க்கு 1. கூரை வரை 381 மீட்டர் உயரமுள்ள கட்டடம் என் மேசைமேல் 76 சென்டிமீட்டராக நிற்கிறது. இதற்கு ஏற்ற மரம் பால்சாதான் என்பதை மறுக்க முடியாது. சாதாரணக் கத்தியே போதும். உப்புத்தாளை இரண்டு முறை தேய்த்தால் விளிம்பு பொருந்திவிடும். தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்க வேண்டும் என்பதற்காக, உயரமான கட்டடங்கள் மேலே செல்லச் செல்ல உள்வாங்க வேண்டும் என்று நியூயார்க் 1916-இல் விதி செய்தது. அதனால் இக்கட்டடம் பெட்டிமேல் பெட்டி அடுக்கியது போல இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் ஓரமும் என் இணைப்புகளில் ஒன்றை மறைத்துக்கொள்கிறது. அதைவிட மகிழ்ச்சி தந்தது சன்னல் வரிசை. அசலில் சன்னல்கள் செங்குத்துப் பட்டைகளாக ஓடுகின்றன. மரத்தின் இழையையும் செங்குத்தாக வைத்து, மை தீர்ந்த பேனாவை அளவுகோலை ஒட்டி அழுத்தி இழுத்தால், எதையும் வெட்டாமலே அந்தக் கோடுகள் பதிந்துவிடுகின்றன.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். நான் வாங்கிய பால்சாக் கட்டுக்குள் இருந்த மரத்தகடுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. ஆனால் மரத்தின் வெவ்வேறு திசைகளில் அறுக்கப்பட்டவை. ஈரக் காற்றில் பால்சா இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் உப்பும். அந்த உப்பலும், வளர்ச்சி வளையங்களை ஒட்டி அறுத்த தகட்டில், வளையங்களுக்குக் குறுக்கே அறுத்த தகட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். இது தெரியாமல், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இரண்டு வகையையும் கலந்து ஒட்டினேன். முதல் மழை மாதத்தில் ஒரு சுவர் புடைத்தது, மூலை பிளந்தது, கோபுரம் முறுக்கிக்கொண்டு உச்சி நான்கு மில்லிமீட்டர் சாய்ந்தது. காய்ந்ததும் தானே நேராகிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். பால்சா இலவ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பின்னர் படித்தபோது, இலவு காத்த கிளி நான்தான் என்று சிரிப்பு வந்தது.

பழி முழுவதும் மரத்தின்மேல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் வண்ணம் பூசி உட்பக்கத்தைத் திறந்தே விட்டவன் நான். அப்படிச் செய்தால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துத் தகடு வளையத்தான் செய்யும். நீர் கலந்த வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவியதும் நான்தான். ஆனாலும், எந்தத் தகடு எந்த வகை என்று ஒரு சொல் அச்சிட விற்பவருக்கு எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

இப்போது வாங்கியவுடன் ஒவ்வொரு தகட்டையும் அகலவாக்கில் மெல்ல வளைத்துப் பார்க்கிறேன். எளிதில் வளைவது அதிகம் உப்பும் வகை. விறைத்து நின்று, வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக மினுங்குவது நிலையான வகை. நான்கு சுவர்களுக்கும் பின்னதையே எடுத்து, ஒட்டுவதற்கு முன்பே இரு பக்கமும் ஈரத்தைத் தடுக்கும் சீலர் பூசிவிடுகிறேன்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். கத்தி ஏறச் சற்றே சிரமமானாலும் பாஸ்வுட் என்னும் மரத்தை வாங்குங்கள். மேலே நான் பாராட்டியதெல்லாம் உண்மைதான், ஆனால் மூன்று முறை பிரித்தவனிடம் கேட்டால் இந்தப் பதில்தான் கிடைக்கும். சற்று முன் தூக்குநூல் பிடித்துப் பார்த்தேன். உச்சி இன்னும் ஒரு மில்லிமீட்டர் விலகியே இருக்கிறது. அசல் கட்டடத்தில் அது அரை மீட்டர்.