பாலிங்கா வாங்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

புடாபெஸ்டுக்குச் சுற்றுலா வருகிற நம்மவர்கள் பலர் திரும்பும்போது ஒரு பாட்டில் ஆப்ரிகாட் பாலிங்கா (ஹங்கேரியின் பழச் சாராயம்) வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கூட வேலை பார்க்கும் ஹங்கேரிக்காரர் கெச்கெமெட்டில் உள்ள தன் அப்பா வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். வெறுங்கையோடு போக மனசில்லாமல் புடாபெஸ்டின் வாட்ஸி தெருவில் ஒரு பரிசுப்பொருள் கடைக்குள் நுழைந்தேன். "கெச்கெமெட் பாலிங்காதானே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஒரிஜினல்" என்றார் விற்ற பெண். அரை லிட்டர், 11,900 ஃபோரின்ட். தேன் நிறம், கழுத்தில் மூவண்ண ரிப்பன்.

கெச்கெமெட் ஆப்ரிகாட் பாலிங்காவுக்கே பேர்போன ஊர். திருநெல்வேலிக்காரருக்கு அல்வா கொண்டுபோன கதைதான். அதுவும் போலி அல்வா.

பெரியவர் பாட்டிலைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பின்பக்கத்தைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சொட்டை என் உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கச் சொன்னார். கை பிசுபிசுத்தது, மிட்டாய் வாசனை. பிறகு தன் அலமாரியிலிருந்து எடுத்ததை மற்றக் கையில் விட்டார். தண்ணீர் மாதிரித் தெளிவு. சாராய நெடி பறந்ததும் கனிந்த பழ மணம் வந்தது, அடியில் லேசாகக் கொட்டைப் பருப்பு வாசம்.

என் பாட்டிலில் 'பராட்ஸ்க்' என்று ஆப்ரிகாட்டின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. 'பாலிங்கா' என்ற சொல்லே இல்லை. பின்னால் பொடி எழுத்தில் 'செஸெஷ் இடல்', அதாவது வெறும் மதுபானம். சர்க்கரை, செயற்கை மணம், ஆல்கஹால் 30 சதவீதம். பாலிங்கா என்று போட வேண்டுமானால் பழத்தை நொதிக்கவைத்து வடித்ததாக இருக்கவேண்டும். சர்க்கரை, மணம், நிறம் எதுவும் சேர்க்கக் கூடாது, ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. ஹங்கேரிக்கு வெளியே ஆஸ்திரியாவின் நான்கு மாநிலங்களுக்குத்தான் அந்தப் பெயரில் உரிமை, அதுவும் ஆப்ரிகாட்டுக்கு மட்டும். அதனால் லேபிளில் பொய் அச்சடிக்கவில்லை, வாயால் சொல்லி விற்றுவிட்டார்கள். (மஞ்சளாக இருப்பதெல்லாம் போலி என்று நினைக்காதீர்கள். மரப்பீப்பாயில் கிடந்தாலும் பழம் ஊறினாலும் நிறம் ஏறும்.)

திரும்பப் போய்க் கேட்டேன். திறந்த பாட்டிலை எடுக்க மாட்டார்களாம். ரசீதிலும் 'செஸெஷ் இடல்' என்றே இருந்தது. 'ஒரிஜினல்' என்றதற்கு நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

பாட்டில் இன்னும் சமையலறையில்தான் கிடக்கிறது. மூடி சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு திறக்கவே வரமாட்டேன் என்கிறது.