போனை எடுக்கவா, பணம் கட்டவா, டீ போடவா?

போன மாதம் ஆபீஸ் தம்பி ஒருவன் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நீங்க அந்த ஹெல்ப்லைன்ல போன் எடுத்தீங்கல்ல, நானும் சேரணும். யார்கிட்ட பேசணும்?" அவன் ரூம்மேட் ஒருவனுக்கு ஏதோ நடந்திருக்கிறது, விவரம் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அதை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் அவனைப் போட்டு அறுத்தேன். காரணம், பெங்களூரில் இந்தத் தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன் வேலைக்கு உதவ நினைக்கிற பலரும் நேராகப் போன் முன்னால் இருக்கும் நாற்காலிக்குத்தான் ஓடுகிறார்கள். நானும் அப்படி ஓடியவன்தான். இரண்டரை வருடம் போன் எடுத்தேன், அப்புறம் கொஞ்ச காலம் மாதாமாதம் பணம் மட்டும் கட்டினேன், இப்போது பின்னால் நடக்கும் வேலைகளைப் பார்க்கிறேன். மூன்றையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நாற்காலி எல்லோருக்கும் ஆகாது.

இருந்தாலும் நாற்காலியிலிருந்தே தொடங்குகிறேன், அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் இருந்த இடத்தில் சைக்காலஜி டிகிரி கேட்கவில்லை. பேங்கில் ரிட்டயர் ஆனவர் ஒருவர், இரண்டு இல்லத்தரசிகள், சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கும் நான், இதுதான் எங்கள் செட். ஆறு வாரம் சனி ஞாயிறு பயிற்சி. இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போட்டு உட்கார வைப்பார்கள், போனில் முகம் தெரியாதே, அதற்காக. என் முறை வந்தபோது பின்னாலிருந்த குரல் "எனக்கு யாருமே இல்லைங்க" என்றது. நான் யோசிக்கவே இல்லை, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று எடுத்துவிட்டேன். பயிற்சி கொடுத்த மேடம் கையைத் தட்டி நிறுத்தினார். "எது சரியாயிடும்? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை. "யாருமே இல்லைன்னு சொல்றீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டேன். மேடம் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்ரூமில் குழாய் சொட்டுவது கேட்டது. நாற்பது விநாடி என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நாலு நிமிஷம் மாதிரி இருந்தது. அப்புறம் பின்னாலிருந்தவர் தானாகவே பேசத் தொடங்கினார், நடிப்புக்கு ஆரம்பித்தவர் பாதியில் தன் சொந்தக் கதைக்குப் போய்விட்டார்.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்பது. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயமாக இருக்கும். அப்படி நடப்பதில்லை, உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. வாயில் அந்தக் கேள்வி வருவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது.

அழைத்தவர்கள் சொன்னது எதையும் இங்கே எழுத மாட்டேன், அது கொடுத்த வாக்கு. பொதுவாகச் சொல்வதென்றால், நீங்கள் சினிமாவில் பார்க்கிற மாதிரி ராத்திரி முழுக்க உயிரைப் பிடித்து இழுக்கும் வேலை இல்லை இது. மூச்சு மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். தினமும் அதே நேரத்துக்கு அழைத்து அதையே சொல்பவர்கள் உண்டு. பெண் குரல் கேட்டதும் அசிங்கமாகப் பேசுகிற ஆட்கள் உண்டு, எங்கள் அக்காக்கள் அதை எப்படி வெட்டிவிட்டு அடுத்த அழைப்பைச் சாதாரணக் குரலில் எடுப்பார்களோ, எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். நடுவில் ஒரு கால் வரும், கன்னடத்தில் ஆரம்பித்து, வார்த்தை தட்டி, நாம் "தமிழா?" என்று கேட்டதும் அந்தக் குரல் அப்படியே தளர்ந்து உட்காரும். ஸ்ரீராம்புரத்திலும் மர்ஃபி டவுனிலும் வெளியில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வாழ்கிறவர்கள் எத்தனை பேர்! அழுகை வீட்டுப் பாஷையில்தானே வரும். இந்த ஊரில் தமிழ் பேசுகிற ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் விலை? வாரம் ஒரு நாள், நாலு மணி நேரம், தவறாமல். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவன் டின் ஃபேக்டரி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் அதுவும் சேர்த்து ஆறு. ஒரு வியாழக்கிழமை எனக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்தது, ஆறு மணி ஷிப்டுக்கு ஆறு பத்துக்குக் குரூப்பில் "ஸாரி, இன்னைக்கு முடியல" என்று போட்டேன். ஒருங்கிணைப்பாளர் மேடம் பானஸ்வாடியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து உட்காரும்போது ஏழு. மிஸ்டு காலில் நாலு நம்பர் இருந்தன. திருப்பி அழைக்கக் கூடாது என்பது எங்கள் விதி, ஏனென்றால் அந்தப் பக்கம் போனை எடுப்பது மாமியாராகவோ புருஷனாகவோ இருக்கலாம். மேடம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த நாலு நம்பரும் யார் என்று இன்று வரை தெரியாது. நான் விலகியதற்கு அதுதான் காரணம். வருவேன் என்று சொல்லிவிட்டு வராதவனைவிட, முதலிலேயே முடியாது என்று சொன்னவன் மேல், அவன் இடத்தில் வேறு ஆளையாவது போட்டிருப்பார்கள்.

பணம் கொடுப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லைதான், ஆனால் வாடகை, கரண்ட், போன் பில், ஒருங்கிணைப்பாளர் மேடத்தின் சம்பளம் எல்லாம் எங்கிருந்து வரும்? ஃபேன், நாற்காலி, வாட்டர் ஃபில்டர் வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள், அதில் பெயர் எழுதலாம். வாடகையில் பெயர் எழுத முடியாது. அதனால் பிறந்தநாளுக்கு ஒரே தடவையாகப் பத்தாயிரம் கொடுப்பதைவிட, மாதம் ஐந்நூறு ஆட்டோ டெபிட்டில் போடுவது அவர்களுக்கு உதவி, அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரியும். நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று கவனம், அந்த வரிக் கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே கிடையாது. பெரிய கம்பெனியில் வேலை என்றால் எச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாகத் தாங்களும் போடுகிற கம்பெனிகள் உண்டு.

மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. சாட் வாரா என்று ஒரு பாதிரியார், 1953இல் லண்டனில் தன் சர்ச்சிலேயே ஒரு போனை வைத்து, சாக நினைக்கிறவர்கள் அழைக்கலாம் என்றார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. நேரிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சிலர் முன்வந்தார்கள். டீ கொடுத்தவர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் மனசு ஆறிப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் 1954இல் போனையே அவர்கள் கையில் கொடுத்தார். ஆக, இந்த வேலையே டீ போட்டவர்களிடமிருந்து வந்தது.

நான் இப்போது போடும் டீ, ஷிப்ட் அட்டவணையும் தமிழ் நோட்டீஸும். முதல் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் "தற்கொலைத் தடுப்பு ஆலோசனை மையம்" என்று அடித்திருந்தோம். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பக்கம் நின்று நீட்டினால் ஒருத்தர் வாங்கவில்லை. தெருவே பார்க்க அதை யார் கையில் வாங்குவார்? "மனசு பாரமா இருக்கா? பேசலாம்" என்று மாற்றி, பர்ஸில் வைக்கிற அளவுக்குச் சின்ன அட்டையாக்கினோம், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துபோனது. ஆட்டோ அண்ணன் ஒருவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேசினா போலீஸ் வருமா சார்?" என்றார். இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. போனில் பேசியதற்கு எந்தக் காலத்திலும் கேஸ் கிடையாது. முயன்று பிழைத்தவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

அரசு லைன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. டெலி மானஸ், 14416, 2022 அக்டோபர் 10 முதல் ஓடுகிறது, நம்ம ஓசூர் ரோடு மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், தேவைப்பட்டால் மருத்துவர் வரை கொண்டுபோவார்கள். அங்கே போன் எடுப்பவர்கள் வேலைக்கு எடுக்கப்பட்ட பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், நீங்களும் நானும் போய் உட்கார முடியாது. மருந்து, மருத்துவர் என்று போகவேண்டிய பிரச்சினைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்கிற இரவுக்குத் தொண்டர் லைன், சென்னையில் 1986இலிருந்து சினேகா என்ற அமைப்பு இப்படித்தான் நடக்கிறது. எங்கள் அட்டையில் 14416ஐயும் சேர்த்தே அடிக்கிறோம். எங்கள் ஷிப்ட் காலியாக இருந்தாலும் அங்கே யாராவது எடுப்பார்கள்.

தம்பியிடம் கடைசியாக ஒன்றுதான் கேட்டேன், "ஆபீஸ்ல எந்நேரம் கூப்பிட்டாலும் வேலைக்கு உட்காரணுமே, அந்த ஆன்-கால் உனக்கு எப்போ வரும்?" மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றான். சரி, அப்போது நாற்காலி வேண்டாம் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. மாதம் ஐந்நூறு போட ஆரம்பித்திருக்கிறான். போன ஞாயிறு காலை அல்சூருக்கும் வந்தான், செல்லோடேப் கொண்டுவந்தான், கத்தரிக்கோலை மறந்துவிட்டான், பல்லால் கடித்துக் கடித்தே பதினாறு நோட்டீஸ் ஒட்டினோம்.